கான்டெஸா: தகடு முதலில், இன்ஜின் கடைசியில்

இந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெஸாவை ‘இந்தியாவின் மஸில் கார்’ (பெரிய இன்ஜினும் பெரும் பலமும் கொண்ட அமெரிக்கக் கார் வகை) என்று சொல்லும் வழக்கம் எப்படியோ நிலைத்துவிட்டது. நீண்ட பானெட், அகன்ற உடல், பின்சக்கர ஓட்டம் என்று தோற்றமும் அமைப்பும் அந்தப் பட்டத்துக்குப் பொருந்தத்தான் செய்கின்றன, பலம்தான் பொருந்தவில்லை. அமெரிக்காவில் மஸில் கார் மரபைத் தொடங்கி வைத்ததாகப் பலரும் குறிப்பிடும் 1964ஆம் ஆண்டு போன்டியாக் ஜி.டி.ஓ.வில் 6.4 லிட்டர் வி8 இன்ஜினும் 325 குதிரைத்திறனும் இருந்தன. அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து, 1984இல், மேற்கு வங்கத்தின் உத்தரபாராவிலிருந்து வெளிவந்த கான்டெஸாவில் இருந்ததோ அம்பாஸடரின் அதே 1,489 சி.சி. இன்ஜின், சுமார் 50 குதிரைத்திறன். இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் நிறுவனம் 1970களில் தயாரித்த விக்டர் எஃப்.இ. வரிசையின் உடலை அச்சுகளோடு வாங்கி வந்து, அதற்குள் இந்தச் சிறிய இன்ஜினை வைத்திருந்தார்கள். 1980களின் பிற்பகுதியில் இசுசுவின் 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் வந்த பிறகுதான் வண்டி தன் தோற்றத்துக்கு ஓரளவு நியாயம் செய்தது. 2002இல் தயாரிப்பு நின்றது.

என்னிடம் இருப்பது 1990களின் நடுவில் பதிவான 1.8 ஜி.எல். ரகக் கான்டெஸா. பெங்களூரு காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டின் பக்கவாட்டில் உள்ள தகர ஷெட்டில், அலுவலக வேலை போக மிஞ்சிய நேரத்தில், அதைக் கழற்றிப் பூட்டி ஓட்டத்துக்குக் கொண்டுவந்தேன். வீட்டில் செய்யக்கூடியதை வீட்டிலும், செய்யக்கூடாததை வெளியிலுமாகச் செய்த வேலை அது. பழைய காரை மீட்டெடுக்க நினைக்கும் நண்பர்கள் பெரும்பாலும் என்னிடம் முதலில் கேட்பது “இன்ஜினில் என்ன மாற்றினாய்?” என்பதைத்தான். என் அனுபவத்தில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. தகடு, வயரிங், பிரேக், குளிர்விப்பு ஆகிய நான்கும் முடியாமல் இன்ஜினில் கை வைப்பவர்களின் வண்டிகள்தாம் பாதி கழற்றிய நிலையில், தார்ப்பாய்க்கு அடியில், ஆண்டுக்கணக்கில் நிற்கின்றன.

வண்டியைத் தேடும்போதே ஊரைக் கவனிக்க வேண்டும். டெல்லி வட்டாரத்தில் 15 ஆண்டைத் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கும் 10 ஆண்டைத் தாண்டிய டீசல் வண்டிகளுக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதிசெய்ததிலிருந்து அங்கிருந்து பழைய கார்கள் மலிவாக வெளியேறிக்கொண்டிருக்கின்றன. அந்த விலையைக் கண்டு மயங்குமுன் தடையின்மைச் சான்றிதழ் கிடைக்குமா, நம் மாநிலத்தில் மறுபதிவு ஆகுமா, ஆயுள்கால வரி எவ்வளவு என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. சென்னையிலும் மும்பையிலும் கடற்காற்றில் வாழ்ந்த கார்கள் வேறொரு வகைச் சிக்கல். மேலே பளபளப்பாக இருக்கும், அடியில் உப்பு தின்றிருக்கும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில், கடலை விட்டு வெகுதூரத்தில் இருக்கும் பெங்களூரிலேயே காலமெல்லாம் ஓடிய வண்டி கிடைத்தால், இன்ஜின் செத்திருந்தாலும் அதையே எடுக்கலாம் என்பது என் கருத்து. செத்த இன்ஜினுக்கு மருந்து உண்டு. இற்றுப்போன உடலுக்கு மருந்து இருந்தாலும் கட்டுப்படியாகாது.

காரணம் கான்டெஸாவின் கட்டுமானம். லாரிக்கு இருப்பதுபோல் தனிச் சேசிஸ் இதற்குக் கிடையாது. தரைத்தகடு, கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டிகள், தூண்கள், கூரை எல்லாம் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு அவையே பாரத்தைத் தாங்குகின்றன. சில் இற்றுவிட்டால் அது அழகுக் குறைபாடு அல்ல, வண்டியின் முதுகெலும்பே தளர்ந்துவிட்டது என்று பொருள். ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் ஏற்றிய நிலையில் கதவு சரியாகத் திறந்து மூடவில்லை என்றால் அந்த வண்டியை விட்டுவிடலாம்.

நான் வாங்கப் போனபோது சிவாஜிநகரில் நாற்பது ஆண்டுகளாக டிங்கரிங் வேலை செய்யும் ஒரு பாயை உடன் அழைத்துச் சென்றேன். மெரூன் நிறத்தில் மின்னிக்கொண்டிருந்த காரை அவர் நின்றுகூடப் பார்க்கவில்லை. “பெயின்ட்டப் பாத்து காசு குடுக்காதீங்க தம்பி, கீழ படுத்துப் பாருங்க” என்று சொல்லிவிட்டு, துணி சுற்றிய சிறு காந்தம் ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கதவின் கீழ்விளிம்பு நெடுக இழுத்துக்கொண்டே போனார். நல்ல தகட்டில் காந்தம் ஒட்டிக்கொண்டு வந்தது. இடது பின்சக்கர வளைவுக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்குப் பிடிப்பே இல்லாமல் நழுவியது. “இங்க பட்டிதான் இருக்கு, தகடு இல்ல” என்றார். பட்டி என்பது பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை. விலையை அந்த ஒரு சாண் கணிசமாகக் குறைத்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து அந்த இடத்தைச் சுரண்டியபோது அடுக்கடுக்காக வரலாறு வெளிவந்தது: மெரூன், அதற்கடியில் வெள்ளை, அதற்கடியில் சாம்பல் பிரைமர், பிறகு விரல் தடிமனுக்குப் பட்டி, பட்டிக்கு அடியில் எண்ணெய் டின்னை வெட்டி ரிவெட் அடித்துப் பொருத்திய தகரம். அந்தத் தகரத்துக்குப் பின்னால் சில் பெட்டிக்குள் மண்ணும் காய்ந்த இலையும் கெட்டியாக அடைத்திருந்தன. மழைநீர் வெளியேறுவதற்காகத் தொழிற்சாலையில் விட்டிருந்த துளைகளை யாரோ அடித்தகட்டுக்கு அண்டர்கோட்டிங் எனும் துருத்தடுப்புப் பூச்சு அடிக்கும்போது மூடிவிட்டிருக்கிறார்கள். துருவைத் தடுக்கச் செய்த வேலையே துருவை வளர்த்திருந்தது. கருப்பு அண்டர்கோட்டிங் பூசி விற்பனைக்கு வரும் எந்தப் பழைய காரையும் நான் இப்போது சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

சில்லை வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய காரியங்கள் வெட்டுவதைவிட முக்கியமானவை. வண்டியைச் சமதரையில், அதன் எடை சக்கரங்களின் மீதே இருக்கும்படி, சக்கரங்களுக்கு அடியில் கட்டைகள் கொடுத்து உயர்த்தி நிறுத்த வேண்டும். கதவைக் கழற்றிவிட்டு, முன்தூணுக்கும் நடுத்தூணுக்கும் இடையே சதுரக் குழாயைக் குறுக்காகப் பற்றவைத்து, கதவுத் திறப்பின் மூலைவிட்ட அளவை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு பக்கச் சில்லையும் வெட்டக் கூடாது. புதிய துண்டை நுனிகளில் மட்டும் புள்ளியாகப் பிடித்து, கதவை மீண்டும் மாட்டி மூடிப் பார்த்து, இடைவெளி மேலும் கீழும் ஒன்றாக இருந்தால்தான் மேற்கொண்டு பற்றவைக்க வேண்டும். நுனிப் பிடிப்போடு இருக்கும்போது சில மில்லிமீட்டர் மாற்றம் சுத்தியலின் இரண்டு தட்டு. முழுதும் பற்றவைத்த பிறகு அதே மாற்றம் மறுபடி வெட்டும் வேலை.

மெல்லிய தகட்டுக்கு கேஸ் வெல்டிங் வேண்டாம். சுற்றிலும் பரவும் சூட்டில் தகடு நெளிந்துவிடும், அந்த நெளிவை மறைக்க மறுபடி பட்டி. மின்சாரத்தில் கம்பியை உருக்கிப் பற்றவைக்கும் மிக் வெல்டிங் செட்டில் ஒரு நொடிப் புள்ளிகளாக, ஒன்று இங்கே, அடுத்தது ஒரு முழம் தள்ளி என்று மாற்றி மாற்றி வைத்துக் கடைசியில் இணைத்தால் தகடு தன் வடிவத்தில் நிற்கும். சில்லுக்கு 18 கேஜ், தரைக்கும் வெளித்தகட்டுக்கும் 20 கேஜ் சி.ஆர். ஷீட் (குளிர்நிலையில் உருட்டிய எஃகுத் தகடு) போதுமானது. வீட்டு மின் இணைப்பில் சிறிய இன்வெர்ட்டர் வகை மிக் செட் ஓடும், ஆனால் ஹாலில் உள்ள பிளக்கிலிருந்து நீட்டிப்பு வயர் இழுத்து ஓட்டக் கூடாது. மெயின் போர்டிலிருந்து தனி எம்.சி.பி.யோடு கனமான வயர் இழுத்துக்கொள்ள வேண்டும். பற்றவைக்கும் முன் பெட்ரோல் டேங்க்கை வண்டியிலிருந்து கழற்றி ஷெட்டை விட்டே வெளியேற்றுவதும், பேட்டரி இணைப்பை எடுப்பதும், தீயணைப்பானைக் கையெட்டும் தூரத்தில் வைப்பதும் கட்டாயம். கிரைண்டர் சத்தத்துக்கு அக்கம்பக்கத்தாரின் பொறுமைதான் உச்சவரம்பு. சட்டம் இரவு பத்து மணி வரை என்றாலும் எங்கள் தெருவில் மாலை ஏழு மணிக்கு மேல் நான் கிரைண்டரைத் தொட்டதில்லை. அதனால்தான் அடுத்த வீட்டுத் தாத்தா வெல்டிங் நடக்கும்போது தன் பழைய ஃபியட் கதைகளோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

இன்னொன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. சேசிஸ் எண் பொறிக்கப்பட்ட இடத்துக்கு அருகில் கிரைண்டர், மணல்வீச்சு, பட்டி எதுவும் போகக் கூடாது. பின்னாளில் தகுதிச் சான்றிதழுக்குப் போகும்போது அந்த எண்ணைப் பென்சிலால் தேய்த்துப் படியெடுப்பார்கள். எண் மங்கியிருந்தால் உங்கள் உழைப்பு முழுவதும் சந்தேகத்துக்குரிய வண்டியாகிவிடும்.

பெயின்ட் வேலையை நான் வீட்டில் செய்யவில்லை, செய்யவும் சொல்ல மாட்டேன். இன்று பயன்படும் இரண்டு பகுதி பாலியூரித்தேன் பெயின்ட்டின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது நுரையீரலைப் பாதிக்கும். துணி முகமூடியோ சாதாரண வடிகட்டி முகமூடியோ அதற்குப் போதாது, வெளியிலிருந்து காற்று தரும் கவசம் தேவை. வீடுகள் நெருங்கிய தெருவில் அந்தப் புகையை அடுத்தவர் ஜன்னலுக்குள் அனுப்புவதும் முறையல்ல. எபாக்ஸி பிரைமரைத் தகட்டு வேலை முடிந்த அன்றே தூரிகையால் பூசி வைத்துக்கொண்டு, மேல்பூச்சுக்கு மட்டும் பெயின்ட்டைச் சூட்டில் உலர்த்தும் அறையுள்ள பட்டறைக்கு அனுப்பினேன். மலிவான என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட்டை வெளியில் அடிக்க நினைப்பவர்கள் பெங்களூரின் மழைமாதங்களைத் தவிர்க்க வேண்டும். காற்றின் ஈரத்தில் பெயின்ட் காயும்போது வெண்மை பூத்துவிடும். பெயின்ட் ஆன பிறகு சில் பெட்டிகளுக்குள்ளும் கதவுகளுக்குள்ளும் நீண்ட குழாய் வழியாக மெழுகுப் பூச்சு செலுத்தினேன். அதற்குப் பிறகு வடிகால் துளைகளைக் கம்பி விட்டு ஒவ்வொன்றாகத் திறந்தேன்.

தகட்டுக்கு அடுத்தது வயரிங். முப்பது ஆண்டில் கைமாறிய ஒவ்வொருவரும் ஸ்டீரியோ, ஹாரன், பாதுகாப்பு அலாரம், பனிவிளக்கு என்று எதையாவது சேர்த்து, கருப்பு டேப் சுற்றி விட்டிருப்பார்கள். எங்கே எது போகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்வதைவிட, கடைசி வயர் வரை உருவிப் போட்டுவிட்டு, மின்சாமான் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் புதிய வயரும் ஃபியூஸ் பெட்டியும் வாங்கிப் புதிதாக இழுப்பது எளிது. பழைய வயர்க்கட்டை அறுத்து எறியாமல், ஒரு பலகையில் கிளை கிளையாக விரித்து ஆணியடித்து, அதன் மீதே புதியதைக் கட்டிக்கொண்டு வந்தால் நீளம் தவறாது.

முகப்பு விளக்கைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் குறைந்த செலவில் அதிகப் பயன் கிடைத்தது இதில்தான். பழைய அமைப்பில் விளக்குக்கான மின்சாரம் முழுவதும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக வந்து போகிறது. 60 வாட் பல்பு இரண்டு எரியும்போது 10 ஆம்பியர்; மெல்லிய வயரிலும் தேய்ந்த சுவிட்சிலும் ஒரு வோல்ட்டுக்கு மேல் தொலைந்துபோகும். வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் ஹாலஜன் பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும். பேட்டரியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயரை ஃபியூஸோடு நேராக முன்பக்கம் கொண்டுவந்து, இரண்டு ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) வைத்து, பழைய சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்கும்படி செய்தால் அதே பல்பு புதுப்பல்பாகிவிடும். எல்.ஈ.டி. பல்பை வாங்கி மாட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். ஹாலஜனுக்காக வடிவமைத்த கண்ணாடிக்குள் அதை வைத்தால் வெளிச்சம் சாலையில் விழாமல் எதிரில் வருபவர் கண்ணில்தான் விழுகிறது.

பிரேக்கில் சிக்கனம் பார்க்கக் கூடாது. என் வண்டியில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். வெளியில் நன்றாகத் தெரிந்த ரப்பர் ஹோஸ் ஒன்று உள்ளே வீங்கிப் பாதையை அடைத்திருந்தது. பெடலை மிதித்தால் அழுத்தத்தில் ஆயில் போகும், விட்டால் திரும்பி வராது, சக்கரம் பிடித்துக்கொண்டே ஓடிச் சூடேறும். இந்த அறிகுறி தெரிந்தால் பலரும் டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றிப் பழுது பார்ப்பார்கள், காரணம் ஹோஸாக இருக்கும். வயதான காரில் ரப்பர் ஹோஸ்கள், மாஸ்டர் சிலிண்டர் கிட், வீல் சிலிண்டர்கள் ஆகியவற்றைச் சோதித்துக்கொண்டிராமல் ஒரேயடியாக மாற்றிவிடலாம். இரும்புக் குழாய்களுக்குப் பதிலாகச் சாலையோரப் பட்டறைகளில் வெறும் செம்புக் குழாயை வளைத்துக் கொடுப்பார்கள். அதிர்வில் அது நாளடைவில் கெட்டிப்பட்டு வெடிக்கும். செம்பு-நிக்கல் கலவைக் குழாயோ பிரேக்குக்கென்றே வரும் எஃகுக் குழாயோதான் ஏற்றவை, நுனிகளும் இரட்டை மடிப்பாக இருக்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது என்பதால் திறந்து வைத்திருந்த பழைய டப்பாவைப் பயன்படுத்தக் கூடாது. பழைய பிரேக் ஷூவின் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

கான்டெஸாவைப் பற்றி எல்லோரும் சொல்லும் குறை, சூடாகிறது என்பது. அதன் பெரும்பகுதி வண்டியின் குறையே அல்ல. நம் மெக்கானிக்குகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. சூடாகிறது என்று போனால் தெர்மோஸ்டாட்டை, அதாவது இன்ஜின் சூடேறும்வரை குளிர்நீரைத் தடுத்து வைக்கும் வால்வை, கழற்றி எறிந்துவிடுவார்கள். அதன் பிறகு காலையில் இன்ஜின் உரிய வெப்பத்துக்கு வரவே நேரமாகி, பெட்ரோலும் குடிக்கும், தேய்மானமும் கூடும். என் வண்டியில் அது இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. உள்ளே உண்மையான காரணம் காத்திருந்தது: ஆண்டுக்கணக்கில் ஊற்றிய போர்வெல் தண்ணீரின் உப்பு ரேடியேட்டர் குழாய்களிலும் பிளாக்கின் நீர்ப்பாதைகளிலும் வெள்ளைப் பாறையாகப் படிந்திருந்தது. பெங்களூரின் போர்வெல் தண்ணீர் எப்படிப்பட்டது என்பதற்கு எங்கள் வீட்டுக் குழாய்களே சாட்சி. ரேடியேட்டருக்குப் புதிய செம்புக் கோர் போட்டு, பிளாக்கை அமிலக் கரைசலால் கழுவி, 82 டிகிரி தெர்மோஸ்டாட்டை மறுபடி வைத்து, காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் சரிபாதியாக நிரப்பினேன். இன்ஜினோடு சுற்றும் விசிறி சிக்னலில் நிற்கும்போது மெதுவாகச் சுற்றுவதால், சில்க் போர்டு போன்ற சந்திப்புகளுக்காக ஒரு மின்விசிறியையும் வெப்ப சுவிட்ச்சோடு சேர்த்தேன். நான் செய்த மாற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வெளியில் யாருக்கும் தெரியாது, தேவையென்றால் இரண்டு போல்ட்டைக் கழற்றி எடுத்துவிடலாம்.

இசுசு இன்ஜினின் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம், கேம் ஷாஃப்ட் மேலே, சங்கிலி ஓட்டம். அலுமினிய ஹெட்டுக்குச் சூடு எதிரி. ஒருமுறை நன்றாகச் சூடானால் வளைந்து கேஸ்கட் போய்விடும். அதனால்தான் குளிர்விப்பை முடித்துவிட்டு இன்ஜினுக்கு வர வேண்டும் என்கிறேன். திறப்பதற்கு முன் நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (உள்ளே ஏறும் அழுத்தம்) பார்க்க வேண்டும். அளவு எவ்வளவு என்பதைவிட நான்கும் ஒத்திருக்கின்றனவா என்பதே முக்கியம். பத்து சதவீதத்துக்கு மேல் ஒன்று விலகினால் அந்தச் சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் ஊற்றி மறுபடி பார்க்கலாம். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வோ கேஸ்கட்டோ காரணம். எனக்கு வால்வு வேலையோடு முடிந்தது. ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்கும் ஃபேசிங் வேலையை, உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டுப் பக்கத்தில் இருக்கும் லேத்தில் கொடுத்தேன்; சமமாகும் வரை மட்டுமே எடுக்கச் சொல்லி, பக்கத்திலேயே நின்றேன். பழைய இக்னிஷனின் பாயின்ட்டையும் கண்டென்சரையும் எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்ததில் ஸ்டார்ட்டிங் ஒரு விரல் வேலையாகிவிட்டது.

பெட்ரோலைப் பற்றி இப்போது கட்டாயம் யோசிக்க வேண்டியிருக்கிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2025இல் நாடு முழுவதும் பரவிவிட்டது. இந்தக் கார் அதற்காகப் பிறந்ததல்ல. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கார்புரேட்டரின் அதே ஜெட்டில் (பெட்ரோல் வரும் சிறு துளையில்) காற்று-பெட்ரோல் கலவை நீர்த்துப்போகும். கார்புரேட்டரின் மெயின் ஜெட்டை ஒன்றிரண்டு அளவு பெரிதாக்கி, சற்றுத் தூரம் வேகமாக ஓட்டிவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். முனை வெளுத்திருந்தால் கலவை நீர்த்திருக்கிறது, காபிப்பொடி நிறமென்றால் சரி. பழைய ரப்பர்க் குழாய்களும் பம்ப்பின் டயஃப்ரமும் எத்தனாலில் ஊறிச் சிதையும் என்பதால் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ஃப்ளூரோ ரப்பருக்கு மாற்ற வேண்டும். டேங்க்கில் ஒட்டியிருந்த பழைய படிவுகளை எத்தனால் கரைத்துக் கொண்டுவருவதால் முதல் சில நூறு கிலோமீட்டருக்கு வடிகட்டி அடிக்கடி அடைக்கும். வண்டியை மழைக்காலத்தில் நீண்ட நாள் நிறுத்தும்போது டேங்க்கை நிரப்பி வைத்தால் காற்றின் ஈரம் உள்ளே போய்க் கலப்பது குறையும்.

உதிரிபாகத்தில் இந்த வண்டிக்காரர்களுக்கு ஒரு பெரிய அதிர்ஷ்டம் உண்டு. இதே இசுசு இன்ஜினையும் ஐந்து கியர் பெட்டியையும் 1990களில் அம்பாஸடருக்கும் வைத்தார்கள், அம்பாஸடர் 2014 வரை தயாரானது. ஆகவே இன்ஜின், கியர்பெட்டிச் சாமான்களை ‘கான்டெஸாவுக்கு’ என்று கேட்காமல் ‘அம்பாஸடர் 1800க்கு’ என்று கேட்டால் ஜே.சி. ரோட்டிலேயே பாதி கிடைத்துவிடும், விலையும் குறையும். சிவாஜிநகர் குஜரி எனும் பழைய சாமான் சந்தையிலும், சென்னை புதுப்பேட்டையிலும், கொல்கத்தாவின் மல்லிக் பஜாரிலும் பழையவை கிடைக்கும். கிடைக்காதவை உடலுக்குரியவை: பின்விளக்குக் கண்ணாடி, பம்பர் முனை, க்ரோம் பட்டை, கண்ணாடிகளின் ரப்பர் பீடிங். அதனால் வண்டி வாங்கும்போது இன்ஜின் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இந்தச் சில்லறைச் சாமான்கள் முழுமையாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கழற்றிய ஒவ்வொரு திருகையும் எந்த இடத்துக்குரியது என்று எழுதிய சிறு பையில் போட்டு வைப்பதும், கழற்றுவதற்கு முன் கைபேசியில் நான்கு கோணத்தில் படமெடுப்பதும் சலிப்பான வேலைகள்தாம். பூட்டும்போதுதான் அவற்றின் அருமை தெரியும்.

மாற்றியமைப்பதைப் பற்றி. கான்டெஸாவுக்குள் வேறு கம்பெனியின் பெரிய இன்ஜினைத் திணிப்பது ஒரு மோகமாகவே இருக்கிறது. பானெட்டுக்கு அடியில் இடமும் ஏராளம். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை வலியுறுத்தித் தீர்ப்பளித்திருக்கிறது. இன்ஜின் மாற்றத்துக்கு முன்அனுமதி வேண்டும். நிறத்தை மாற்றினால்கூட ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். மெரூனை நான் மெரூனாகவே விட்டதற்கு அழகு மட்டும் காரணமல்ல. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், இசுசு இன்ஜினின் 88 குதிரைத்திறனுக்காக அமைத்த பிரேக்கையும் பின் ஆக்ஸிலையும் அப்படியே வைத்துக்கொண்டு இரட்டிப்புத் திறனை ஏற்றுவது அறிவான காரியமல்ல. ஸ்பிரிங்கை அறுத்து வண்டியைத் தாழ்த்துவதும் அப்படித்தான். சஸ்பென்ஷன் கோணம் கெட்டு டயர் உள்பக்கமாகத் தேயும், பெங்களூரின் வேகத்தடை ஒவ்வொன்றும் அடிவயிற்றில் இடிக்கும். சஸ்பென்ஷன் மூட்டுகளில் தேய்ந்த ரப்பர் புஷ்களையும் பால் ஜாயின்ட்டுகளையும் மாற்றி, நல்ல ஷாக் அப்சார்பரும் புது ரேடியல் டயரும் போட்டு அலைன்மென்ட் பார்த்தாலே இந்தக் கார் எப்படி வளையும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும், ஏனென்றால் அவர்கள் ஓட்டியதெல்லாம் புஷ் செத்த கான்டெஸாவாகவே இருந்திருக்கும்.

‘விண்டேஜ்’ பதிவு என்று சிலர் ஆசைப்படுகிறார்கள். 2021இல் வந்த விதிகளின்படி அதற்கு 50 ஆண்டு நிறைந்திருக்க வேண்டும், அன்றாடப் பயணத்துக்கும் அந்த வண்டியை ஓட்ட முடியாது. மிகப் பழைய கான்டெஸாவுக்கே 2034 வரை அந்தப் பேச்சில்லை. நமக்கு உள்ள வழி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சான்றிதழோடு பதிவைப் புதுப்பிப்பதுதான். 20 ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்ட்டில் 10,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறார்கள். பசுமை வரியும் காப்பீடும் தனி. செலவுக் கணக்கில் இதையும் முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். என் மொத்தச் செலவில் பெரும்பங்கைத் தகடும் பெயின்ட்டும் விழுங்கின. இன்ஜினுக்குப் போனது அவற்றோடு ஒப்பிடச் சிறிது.

வண்டி ஓடத் தொடங்கியதும் உடனே மைசூரு நெடுஞ்சாலைக்கு எடுத்துப் போகும் ஆசை வரும். முதல் சில வாரங்கள் வீட்டைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள்ளேயே ஓட்டி, ஒவ்வொரு முறையும் நிறுத்தியபின் நான்கு சக்கரத்தின் நடுப்பகுதியையும் தொட்டுப் பார்த்து ஒன்று மட்டும் சுடுகிறதா என்று கவனிப்பதும், வண்டிக்கு அடியில் பழைய அட்டைப்பெட்டியை விரித்து எங்கே எந்த ஆயில் சொட்டுகிறது என்று பார்ப்பதும் போதுமான வேலை. முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலையும் வடிகட்டியையும் மாற்றிவிட்டு, வீல் நட்டிலிருந்து பேட்டரி டெர்மினல் வரை ஒவ்வொன்றாக மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். என் வண்டியில் அப்போது தளர்ந்திருந்தவை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் இரண்டு நட்டுகள். பின் க்வார்ட்டர் கண்ணாடியின் ரப்பர் பீடிங் இன்னும் கிடைக்கவில்லை. வேறொரு காரின் பீடிங்கை வெட்டி ஒட்டியிருக்கிறேன், பெருமழையில் மட்டும் ஒழுகுகிறது. பீடிங் வரும்வரை அந்தப் பக்கத் தரைவிரிப்பை ஒட்டாமல் வைத்திருக்கிறேன், நனைந்தால் எடுத்துக் காயவைக்க.